பொய் வாக்குமூலமும் அரசின் பொறுப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கையெழுத்தைப் பற்றியது. தோட்டத்து வாழ்க்கையில் கையெழுத்துக்குப் பஞ்சமில்லை. சம்பள நாளில் ஒன்று, கூட்டுறவுக் கடனுக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கூடப் பாரத்துக்கு ஒன்று. எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துப் போடுகிறவர்கள் சிலர். "எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்" என்று போடுகிறவர்கள்தாம் பலர். கிராணியார் காட்டிய இடத்தில் பெருவிரலை அழுத்திவிட்டுப் போன நம் பாட்டன் பாட்டிமாரை நாம் மறந்துவிடவில்லை. அப்படிப் போட்ட கையெழுத்தால் சில வேளை ஐந்து பத்து நட்டம் வரும். பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனால் காவல் நிலையத்தில், மேசைக்கு முன்னால் உட்கார வைத்து நீட்டப்படும் தாளில் போடும் கையெழுத்து வேறு வகை. அது ஒரு மனிதனின் பதினைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்படி எடுத்துக்கொண்டு போன ஒரு வழக்கைத்தான் இப்போது சொல்லப் போகிறோம். நடந்தது இங்கிலாந்து நாட்டில்.

"இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுக் குற்றவியல் சட்டங்களுக்குத் தாய்வீடு அந்த நாடுதான். 1872ஆம் ஆண்டில் இந்தியாவுக்கென்று வெள்ளைக்காரர் எழுதிய சாட்சியச் சட்டமே, இன்று நம்மிடமுள்ள 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்கு மூலம். தாய்வீட்டில் ஓட்டை விழுந்தால் அது எங்கே விழுந்தது என்று நாமும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

1974ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சனிக்கிழமை இரவு. லண்டனுக்குத் தெற்கே கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. ஐவர் மாண்டனர். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தனர். வைத்தது ஐரிஷ் குடியரசுப் படை. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய கூட்டம் அது. அடுத்த மாதம், நவம்பர் 21ஆம் நாள், பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. சில நாள்களுக்குள் நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்து, வழக்குத் தொடராமலே ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம் என்று அது இடம் கொடுத்தது.

ஏழு நாள் என்பது எவ்வளவு நீளம் என்பதை உள்ளே இருந்தவர்தாம் அறிவார்.

கில்ட்ஃபோர்டு வழக்கில் நால்வர் பிடிபட்டனர். ஜெரி கான்லன், பால் ஹில், பேடி ஆம்ஸ்ட்ராங் என்ற மூன்று ஐரிஷ் இளைஞர்கள்; கேரல் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலப் பெண். கேரலுக்கு அப்போது வயது 17. பெரிய ஆள்கள் அல்லர். ஊரை விட்டு வேலை தேடி லண்டனுக்கு வந்தவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள், கிடைத்த இடத்தில் தங்கியவர்கள். கான்லனும் ஹில்லும் அப்படிப்பட்டவர்களே. காவல் நிலையத்தில் நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள்.

செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்? வெளியிலிருக்கும் நமக்கு இது விளங்குவதில்லை. "குற்றம் செய்யாதவன் சாகிற வரைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டான்" என்று நாம் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அங்கே நடப்பது வேறு. தூக்கமில்லை, பக்கத்தில் பேச ஆளில்லை, வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று நால்வரும் சொன்னார்கள். தம் குடும்பத்தாருக்குத் தீங்கு வரும் என்று மிரட்டியதால்தான் கையெழுத்திட்டதாகக் கான்லன் சொன்னார். அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு முன்னால் இருப்பது ஆயுள் தண்டனை அன்று. அடுத்த அரை மணி நேரந்தான். "இப்போதைக்குப் போட்டுவிடுவோம், நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்" என்று அவன் நினைக்கிறான்.

நீதிமன்றத்தில் சொன்னார்கள். எடுபடவில்லை. 1975 அக்டோபரில் நால்வருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஒப்புதல்களைத் தவிர அவர்களுக்கு எதிராகச் சொல்லத்தக்க சாட்சியம் எதுவும் இல்லை என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் கொலைக்குத் தூக்குத் தண்டனை 1969இல் நிரந்தரமாக எடுக்கப்பட்டிருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

கதையில் மனத்தை அறுக்கும் பகுதி இனித்தான் வருகிறது. கான்லனின் தந்தை ஜிசெப்பே கான்லன், பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தவர், நுரையீரல் நோயாளி. மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றதும், அவனுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டுமென்று கப்பலேறி லண்டனுக்கு வந்தார். தங்குவதற்கு மனைவியின் உடன்பிறந்தார் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரி, அதாவது ஜெரியின் தாய்மாமன் மனைவி, ஆன் மெக்குவாயர். மகன் கையெழுத்திட்ட வாக்குமூலத்தில் அந்த அம்மாளின் பெயரும் இருந்தது. அன்றிரவே காவலர் வந்தார்கள். ஆன், அவர் கணவர், இரண்டு பையன்கள், வீட்டிலிருந்த உறவினர், நண்பர், விருந்தாளியாக வந்த ஜிசெப்பே என்று ஏழு பேர் பிடிபட்டனர். சின்னப் பையனுக்கு வயது 13.

ஏழு பேரின் கைகளிலும் கையுறையிலும் வெடிமருந்துத் துகள் இருந்ததாக ஆய்வுக்கூடம் சொல்லிற்று. அதை வைத்து 1976 மார்ச்சில் எல்லாரும் தண்டிக்கப்பட்டார்கள். ஆனுக்கும் கணவருக்கும் 14 ஆண்டு. ஜிசெப்பேக்கு 12 ஆண்டு. சின்னப் பையனுக்கு 4 ஆண்டு. மகனுக்கு வழக்கறிஞர் தேட வந்த தகப்பன் கைதியாகவே 1980 ஜனவரியில் இறந்துபோனார்.

இதற்கிடையில் உண்மை வெளிவராமலும் இல்லை. 1975 டிசம்பரில் லண்டனில் ஐரிஷ் குடியரசுப் படையின் ஒரு குழு பிடிபட்டது. "கில்ட்ஃபோர்டில் குண்டு வைத்தவர்கள் நாங்கள், உள்ளே இருக்கும் நால்வருக்கும் சம்பந்தமில்லை" என்று அவர்களே சொன்னார்கள். 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கேட்டது, ஏற்கவில்லை. நால்வர் உள்ளேயே இருந்தனர். கில்ட்ஃபோர்டு குண்டுக்காக அந்தக் குழுவினர் மீது கடைசி வரை வழக்கே போடப்படவில்லை. குண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். நிரபராதி உள்ளே போகும்போது குற்றவாளி வெளியே நிற்கிறான். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பர்மிங்ஹாம் குண்டுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு ஐரிஷ்காரர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. காவலர் தங்களை அடித்து ஒப்புதல் வாங்கினார்கள் என்று சொல்லி, காவல்துறையின் மீது அந்த ஆறு பேரும் சிவில் வழக்குத் தொடுத்தனர். 1980இல் அது டென்னிங் பிரபுவின் முன் வந்தது. இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற நீதிபதி அவர். அவர் சொன்னதன் சாரம் இது: இந்த ஆறு பேர் வென்றால் காவலர் அடித்தது உண்மை, பொய்ச்சத்தியம் செய்தது உண்மை, தண்டனை தவறு என்றெல்லாம் ஆகிவிடும், அப்படி ஒரு காட்சியை நினைக்கவே பயங்கரமாக இருக்கிறது, ஆகவே வழக்கை மேலே போகவிடக் கூடாது.

நேயர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். "நீ சொல்வது பொய்" என்று அவர் சொல்லவில்லை. "நீ சொல்வது மெய்யாகிவிட்டால் எங்களுக்குத் தாங்காது" என்பதே அதன் கருத்து. அரசின் பொறுப்பு என்று நாம் பேசுகிறோமே, அது தடுமாறி விழுகிற இடம் இதுதான். ஒரு காவலர் தவறு செய்வது ஒரு மனிதன் செய்யும் தவறு. அதை விசாரிக்க மறுப்பது அரசு செய்யும் தவறு. முதலாவதைவிட இரண்டாவது கனமானது என்பது நம் எண்ணம்.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோவலன் கதை தெரியும். பொற்கொல்லன் ஒருவனின் பொய்யை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்ல வைத்தான் பாண்டியன். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலில் நின்றபோது வாயில் காவலன் அரசனிடம் போய்ச் சொன்னான். அரசன் உள்ளே விடச் சொன்னான். சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள். அரசியின் சிலம்பில் முத்து, உடைந்ததில் மாணிக்கம். பாண்டியன் "என் காவலர் செய்தது" என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. பழியைத் தன் மேல் ஏற்று அரியணையிலிருந்து விழுந்து இறந்தான். அரசர் உயிரை விட வேண்டுமென்று இந்தக் காலத்தில் நாம் கேட்கவில்லை. வாசலைத் திறந்து சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் சிலம்பு உடைந்தது 1989இல். கில்ட்ஃபோர்டு வழக்கை மறுபடி பார்க்கும் பொறுப்பு வேறொரு மாவட்டக் காவல்படையிடம் கொடுக்கப்பட்டது. பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆம்ஸ்ட்ராங்கின் விசாரணைக் குறிப்புகளைக் கண்டார்கள். தட்டச்சு செய்த தாள்கள். அவற்றின் மேல் கையால் போட்ட திருத்தங்கள், அடித்தல்கள், சேர்த்தல்கள். நீதிமன்றத்தில் காவலர் காட்டியதோ கையால் எழுதிய குறிப்பு. "அவர் பேசப் பேச அப்போதே எழுதியது" என்று சத்தியம் செய்து கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தட்டச்சுத் தாளில் திருத்திய பிறகு வரும் வாசகமே கையெழுத்துப் பிரதியில் இருந்தது. அதாவது முதலில் தட்டச்சு செய்து, வேண்டியபடி திருத்தி, பிறகு கையால் எழுதி, "அப்போதே எழுதியது" என்று காட்டியிருக்கிறார்கள். இது மட்டுமன்று. குண்டு வெடித்த இரவில் ஜெரி கான்லன் லண்டனில் இருந்ததற்கு ஒரு சாட்சி காவல்துறையிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் காட்டப்படாமலே கோப்பில் கிடந்தது.

1989 அக்டோபர் 19ஆம் நாள் நால்வரின் தண்டனையும் இரத்தாயிற்று. காவலர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் கூறினார். பர்மிங்ஹாம் அறுவர் 1991 மார்ச் 14ஆம் நாள் விடுதலையானார்கள். மெக்குவாயர் குடும்பத்தின் பெயர் அவ்வாண்டு ஜூனில் துடைக்கப்பட்டது. அவர்கள் கையில் இருந்ததாகச் சொன்ன துகள், ஒரே துண்டில் கை துடைத்ததால்கூட ஒட்டியிருக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதற்குள் அவர்கள் தண்டனையை முழுதும் அனுபவித்து வெளியே வந்துவிட்டிருந்தார்கள். ஜிசெப்பே இல்லை.

சரி, அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது? செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். செய்யாதது என்பதையும் சொல்ல வேண்டும்.

அறுவர் விடுதலையான அன்றே உள்துறை அமைச்சர் ஓர் அரச ஆணையத்தை அறிவித்தார். அதன் அறிக்கையை ஒட்டி 1995இல் சட்டம் வந்தது. 1997 முதல், மேல்முறையீடு எல்லாம் முடிந்துபோன வழக்குகளையும் மறுபடி ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அனுப்பும் தனி ஆணையம் ஒன்று வேலை செய்துவருகிறது. காவல் நிலைய விசாரணையை ஒலிநாடாவில் பதிய வேண்டும் என்ற விதியும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நம் கருத்தில் இழப்பீட்டுப் பணத்தைவிட இதுவே பெரிய காரியம். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் உதைப்பது எளிதன்று.

செய்யாதது எது? குறிப்புகளைப் புனைந்ததாக மூன்று காவலர் மீது வழக்கு நடந்தது. 1993இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பாயிற்று. பர்மிங்ஹாம் காவலர் மீதான வழக்கை அதே ஆண்டில் நீதிபதி நிறுத்திவிட்டார். பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டதால் நியாயமான விசாரணை நடக்க முடியாது என்பது காரணம். ஆக, பதினோரு பேர் செய்யாததற்குச் சிறையில் கிடந்தார்கள், மெக்குவாயர் வீட்டார் தனி. அதற்காக ஒரு காவலர்கூட ஒரு நாளும் சிறையிருக்கவில்லை. பிரதமர் டோனி பிளேர் கான்லன், மெக்குவாயர் குடும்பத்தாரிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2005 பிப்ரவரியில். ஜிசெப்பே இறந்து 25 ஆண்டு கழித்து.

பதினோரு பேர் என்றோமே, நால்வரும் அறுவரும் சேர்ந்தால் பத்துத்தானே என்று கணக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். பதினோராவது ஆளைச் சொல்லத்தான் போகிறோம். பேட்ரிக் மாலாய் என்பவர் அவர். 1978இல் ஒரு பத்திரிகை போடும் சிறுவன் கொலையுண்ட வழக்கில் நால்வர் தண்டிக்கப்பட்டனர். மாலாய் அதில் ஒருவர். உடன் பிடிபட்ட ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டதாக ஒரு தாளைக் காட்டியே மாலாயிடம் ஒப்புதல் வாங்கினார்கள். அந்தத் தாளும் அதிலிருந்த கையெழுத்தும் பொய். மேல் தாளில் எழுதும்போது அடித்தாளில் விழும் அழுத்தத்தைக் காட்டும் கருவி அந்தப் பொய்யைப் பின்னாளில் வெளிப்படுத்தியது. மாலாய் 1981இல் சிறையிலேயே இறந்துவிட்டார். எஞ்சியவர்கள் 1997இல் வெளியே வந்தனர்.

இந்த வழக்கில் விடுதலையானவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்போது ஒரு வேடிக்கை நடந்தது. சிறையில் இருந்த காலத்தில் வீட்டு வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவர்களுக்கு மிச்சம்தானே என்று, இழந்த சம்பளத்துக்கான தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கே இது புதிது. சிறைச் சோற்றுக்குப் பிடித்தம்! வழக்கு மேல் சபை வரை போயிற்று. 2007இல் பிடித்தது சரி என்றே தீர்ப்பானது. ஆண்ட்ரூ மல்கின்சன் என்பவர் செய்யாத குற்றத்துக்கு 17 ஆண்டு உள்ளே இருந்து, 2023 ஜூலையில் குற்றமற்றவர் என்று விடுபட்டார். அவர் வழக்கை முன்பு சொன்ன ஆணையமே இரண்டு முறை தள்ளிவிட்டிருந்தது. தமக்கும் இந்தப் பிடித்தம் வருமோ என்று அவர் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான், அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அந்த விதியை எடுத்தது. இன்னொரு பக்கம், 2014 முதல், இழப்பீடு வேண்டுமென்றால் "நான் நிரபராதி" என்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கும் புதிய சான்று வேண்டுமென்று சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். தண்டனை இரத்தானால் மட்டும் போதாது. குற்றத்தை நிரூபிக்க வேண்டிய சுமை அரசுடையது என்று படித்தோம். பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் சுமை தோள் மாறிவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் சாட்சியச் சட்டத்தின்படி, இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழ்ப்பட்ட காவலரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றத்தை நிரூபிக்கக் காட்ட முடியாது. முன்பு உயர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுபடியாகிவந்தது. 2007 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையில் காவலரிடம் சொன்னதை அவருக்கு எதிராக அரசுத் தரப்பு பயன்படுத்துவது பெரும்பாலும் நின்றுவிட்டது. சில தனிச் சட்டங்களுக்கு இதில் விலக்கு உண்டு. போதைப்பொருள் சட்டம் அவற்றில் ஒன்று. நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது எந்தச் சட்டத்தில் என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

பிடிபட்டவருக்கு ஏன் பிடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவில் உள்ளவை. உறவினருக்குச் சொல்லி அனுப்பும் உரிமையும் உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பவர்களுக்காக 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் காவல் நிலையத்துக்கே வழக்கறிஞரை அனுப்பிவருகிறது. வாக்குமூலத்தைப் பற்றிக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு சொல்வதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். திருத்தச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ. தமிழில் சொன்னால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லலாம். "இந்த வரியை நான் சொல்லவில்லை" என்று திருத்தச் சொல்லலாம். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

காவலரின் நடத்தை பற்றிய புகார்களுக்கு 2023 ஜூலையிலிருந்து தனி ஆணையம் ஒன்று இருக்கிறது. அது விசாரித்து முடிவைத் தெரிவிக்கும். தண்டிக்கும் அதிகாரம் காவல்படை ஆணையத்திடமே உள்ளது. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கப் பிரிட்டனில் 1988இல் வந்ததைப் போன்ற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அரசாங்க ஊழியர் செய்த தவறுக்கு அரசின் மீது சிவில் வழக்குப் போட 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கெடு உண்டு. 1948ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, 36 மாதங்களுக்குள் வழக்கைப் பதிந்தாக வேண்டும். கோயிலில் நேர்ந்துகொள்வதும், ஊர்ப் பெரியவரைப் பார்ப்பதும், மனு எழுதிக் காத்திருப்பதுமாகவே அந்த 36 மாதம் பல குடும்பங்களுக்குக் கழிந்துவிடுகிறது. தண்டனைச் சீட்டு, வாக்குமூலத்தின் நகல், மருத்துவமனைச் சீட்டு, தேதிகள் எழுதிய ஒரு நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, முதல் மாதத்திலேயே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போய்விடுங்கள்.